மீதி மூன்று நிமிடம்

அது தேன்சிட்டா, ஊர்க்குருவியா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. யுவஸ்ரீ ஒன்று சொன்னாள், ஹேமந்த் வேறொன்று சொன்னான். யார் எதைச் சொன்னார்கள் என்பதையே நான் மாற்றி நினைவில் வைத்திருக்கலாம். ஆடிக் கடைசி என்று நினைக்கிறேன். உற்பத்தி லைன் நான்கு நிமிடம் நின்றது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அது கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறது.

ஒரகடத்தில் காருக்கு முகப்பு விளக்கு செய்யும் கம்பெனி அது. ஒரு தூசி விழுந்தாலும் விளக்கு கழிவுக்குப் போய்விடும் என்பதால் யுவஸ்ரீ வேலை செய்யும் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. வாலாஜாபாத்தில் கம்பெனி பஸ் ஏறும்போதும் இருட்டு, ஓ.டி. முடிந்து இறங்கும்போதும் இருட்டு. பகலில் மழை பெய்ததா என்பதை அடுத்த ஷிஃப்ட் பெண்களின் ஈரத் துப்பட்டாவைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

அன்றைக்கு எப்படியோ உள்ளே புகுந்த குருவி டியூப்லைட்டில் மோதி மோதி விழுந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். யார் கையும் நிற்கவில்லை. தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கும். பொருளில் குறை கண்டால் லைனை நிறுத்த இழுக்க வேண்டிய கயிறு. யுவஸ்ரீ அதை இழுத்தாள். லைன் நின்றது. அவசரக் கதவைத் தள்ளித் திறந்தாள். குருவி போய்விட்டது. அவளும் வாசற்படி வரை போனாள். மழை விட்டிருந்தது. வேலிக்கு அப்பால் ஒரு ஏரி. ஒன்றரை வருடமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கு அந்தப் பக்கம் ஏரி இருப்பது தெரியாது.

ஷிஃப்ட் முடிந்ததும் டீம் லீடர் ஹேமந்த் விளக்கக் கடிதத்துக்கான தாளை நீட்டினான்.

“குருவி போவ ஒரு நிமிஷம். மீதி மூணு நிமிஷம் இன்னா பண்ணே?”

“நின்னுகினு இருந்தேண்ணா.”

“அத எழுதி வெச்சிடாத தாயே. சென்சார் ஃபால்ட்னு போடு. மெயின்டனன்ஸ் யாக்கோபண்ணன் கையெழுத்து போட்டுடுவாரு. வெள்ளிக்கிழமை பெர்மனன்ட் லிஸ்ட் போவுது, உன் பேரு கீது.”

டிப்ளமோவில் உடன் படித்த கவியா அனுப்பிய செய்தி ஒன்று மூன்று வாரமாக யுவஸ்ரீயின் போனில் பதிலில்லாமல் கிடந்தது. மறைமலை நகரில் தண்ணீர் பரிசோதனைக் கூடம். ஏரி, கிணறு, ஆலைக் கழிவுநீர் என்று சுற்றி மாதிரி எடுத்துவர ஆள் வேண்டும். சம்பளம் குறைவு. அன்று வீட்டில் அதைச் சொன்னாள்.

அப்பா பொன்னுரங்கம் வேறொரு கம்பெனியில் பதினைந்து வருடமாக கேட் செக்யூரிட்டி. சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

“ஏரி ஏரியா பாட்டில் தூக்கிகினு சுத்தறதுக்கா டிப்ளமோ?” காலரை விலக்கிக் கழுத்தைக் காட்டினார். கத்தியால் கோடு போட்டதுபோல் மேலே கருப்பு, கீழே மாநிறம். “தோ பாரு. நீ நிழல்ல இருக்கணும்னுதான் நான் வெயில்ல நிக்கறேன்.”

“நிழல்ல நின்னு இன்னா,” என்றாள் அம்மா ஏலவார்குழலி அடுப்படியிலிருந்து. “தெனம் உன் முட்டிக்குத் தைலம் தேய்க்கறது நானு. ஆனா வெயில்ல கருத்துட்டா பொண்ணு பாக்க வர்றவனுக்கு உங்கப்பன் கழுத்தக் காட்டி பரம்பரை நெறம்னுதான் சமாளிக்கணும்.”

யாரும் சிரிக்கவில்லை. யுவஸ்ரீ தாளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு வெயிலு தெரியுதுல்லப்பா,” என்றாள். “எனக்கு அதுகூடத் தெரியல.”

குக்கர் மூன்று முறை கத்தி ஓய்ந்தது. பிறகு அப்பா சட்டைப் பையிலிருந்து, கேட்டில் நோட்டு எழுதும் பேனாவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். “சென்சார்னே எழுது. நல்லா எழுது.”

அவள் எழுதினாள்: குருவி வெளியே போக ஒரு நிமிடம் ஆனது. மீதி மூன்று நிமிடம் நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொன்னுரங்கம் அதை இரண்டு தடவை படித்தார். பேனாவை எடுத்துப் பையில் செருகிக்கொண்டு கை கழுவப் போனார். பத்து நாள் அவளோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை லிஸ்டில் அவள் பெயர் இல்லை. மாதக் கடைசியில் அவளே நின்றுவிட்டாள்.

பங்குனியில், பரிசோதனைக் கூடத்து வேலையாக, அப்பாவின் கம்பெனிக்கே கழிவுநீர் எடுக்கப் போக வேண்டி வந்தது. கேட்டில் எவர் பையானாலும் திறந்து பார்ப்பது விதி. அவர் திறந்தார். பாட்டில்கள் ஒவ்வொன்றிலும் ஏரியின் பெயர், எடுத்த நேரம். ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, நோட்டில் அவள் பெயரை முழுதாக எழுதினார்.

“தொப்பி எங்க?”

“வண்டியில கீதுப்பா.”

“எடுத்துப் போட்டுகினு உள்ள போ.”

ஹேமந்த் இப்போது சூப்பர்வைசர். கூடத்தின் அவசரக் கதவுக்கு அலாரம் வைத்துவிட்டார்கள். கவியா கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். ஏலவார்குழலி தைலம் வாங்குவதை நிறுத்தவில்லை. இப்போது கணவனுக்குத் தேய்க்கிறாள். பொன்னுரங்கம் இன்னும் அதே கேட்டில்தான் நிற்கிறார். யுவஸ்ரீயின் கழுத்திலும், காலர் முடிகிற இடத்தில், அதே கோடு விழுந்திருக்கிறது.