நாலாவது ஒயர்

...சிவப்பு நிறத்தில் எதற்கு வாங்கினாரோ, எஞ்சினில் இருந்த பழைய பிளக் ஒயர் கறுப்பாக, அடக்க ஒடுக்கமாக இருந்தது, இந்தக் கிழட்டுப் பிக்கப் வண்டிக்கு இந்த வயதில் சிவப்பு ரிப்பன் ஒரு கேடா என்று அவள் முனகினாள், காதில் விழட்டும் என்றுதான் முனகினாள்... விழவில்லை போல. ஷெட் வாசலில், மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டிப் போட்டுக்கொண்டு மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார் அவள் புருஷன். வண்டியோடு வந்த ஒயர் இப்போது எங்கும் கிடைப்பதில்லை, இது வேறு எவனோ செய்த செட். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றால் வேற்றுக் கை படக்கூடாதாம், பொண்டாட்டி கை படலாமாம், அதுவரைக்கும் சந்தோஷம். "ஒயரைப் புடிச்சு இழுக்காத, ரப்பர் தொப்பியைப் புடி. ஒண்ணைக் கழட்டினா அதே நீளத்துல ஒண்ணை மாட்டிட்டுத்தான் அடுத்ததைத் தொடணும். நாலையும் சேத்துக் கழட்டினே, அப்புறம் ரெண்டு பேரும் ஜோசியம்தான் பாக்கணும்." சரி சாமி, சரி. தொப்பியை பிளக்கில் வைத்து அழுத்தினாள். டக். "ம், உக்காந்துடுச்சு" என்றார். அந்த டக் கேட்டால்தான் பூட்டியது என்று அர்த்தம், அது அவர் பாடம்.

அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கிறார்கள், பிரித்த அன்றே ஸ்டியரிங்கைப் பிடிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார், இருப்பதே ஒரு கால்தான்... சீ, பாவம், வாய் அடங்குகிறதா பார். தெருவில் நடந்துபோனவரைப் பின்னால் வந்து இடித்துக் காலை உடைத்த ஸ்கூட்டர்காரப் பிள்ளை, "நாலு தரம் ஹார்ன் அடிச்சேங்க, ஒதுங்கவே இல்லீங்க" என்று அழாத குறையாகச் சொன்னான். இவரோ "அடிக்கவே இல்ல, புளுகுறான்" என்று ஒரே பிடி. அவள் புருஷனைத்தான் நம்பினாள், பின்னே? அவருக்குப் பாம்புக் காது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தெருவில் போகிற வண்டிக்கு எந்த வியாதி என்று சொல்லிவிடுவார். டக், இரண்டாவது. "ம், உக்காந்துடுச்சு." ஆனால் இப்போதெல்லாம் உள்ளேயிருந்து பத்துத் தரம் கூப்பிட்டால்கூட ஏன் என்பதில்லை, டிவி தெருமுனை வரைக்கும் அலறுகிறது, செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு எத்தனை தடவை கத்தியிருக்கிறாள்... தங்கைகூட, "விடுக்கா, ஆம்பளைங்களுக்கு வேண்டாதது எதுவும் காதுல ஏறாது" என்றாள். ஏறாவிட்டால் போகட்டும், எதிரில் நின்று பேசினால் முகத்தைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லையே மனுஷன், முன்பெல்லாம் பேப்பருக்குள்ளிருந்தே தலையாட்டுவார். அதைத் தங்கையிடம் சொல்லும்போது அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. "இப்பத்தான் என் மூஞ்சி அவரு கண்ணுக்குத் தெரியுது போலடி." டக், மூன்றாவது.

நாலாவது உள்ளே தள்ளி இருந்தது, விரல் எட்டவில்லை, தொப்பியை பிளக்கின் மேல் சும்மா வைத்துவிட்டு முதுகை நிமிர்த்தி மூச்சு வாங்கினாள், இன்னும் அழுத்தவே இல்லை. "ம், உக்காந்துடுச்சு" என்றார் அவர். அவள் கை அப்படியே நின்றது. என்ன உட்கார்ந்தது... எங்கே கேட்டது... அப்படியானால் முதல் மூன்று? அவள் முதுகு நிமிர்வதைப் பார்த்துத்தான் சொன்னாரா? இருக்காது, ஏதோ ஞாபகத்தில்... இருக்காது. அழுத்தாமலேயே போய்ச் சாவியைத் திருப்பினாள், பெற்ற பிள்ளையைச் சோதிப்பது போல. வண்டி திக்கித் திக்கி இருமியது, பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும் அந்த இருமல். அவர் சிரித்துக்கொண்டே, "பாத்தியா, பூ மாதிரி ஓடுது" என்றார். ஐயோ, என் ராசா.

எதற்கோ கைத்தடியை ஊன்றி எழுந்து நொண்டி வந்து, வழக்கம்போல மட்கார்டில் உள்ளங்கையை வைத்தார், தகரம் விட்டு விட்டு அதிர்ந்தது. முகம் மாறியது. "ஏய், நாலாவது உக்காரல. நிறுத்து, நிறுத்து. என் காதை ஏமாத்த முடியுமா?" என்று பெருமையாக அவளைப் பார்த்தார். முடியாதுதான். நிறுத்திவிட்டு வந்து எக்கி அழுத்தினாள், டக், அவளுக்கு மட்டும். தலையைக் கவிழ்த்தபடியே, "திருப்பட்டுமா?" என்று கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டு, நிமிர்ந்து, அவர் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டாள். அவர் கண்ணெடுக்காமல் பார்த்தார். எத்தனை நாளாக இப்படி... அப்படியென்றால் பார்த்தது முகத்தை இல்லையா, உதட்டையா... அடுத்த வாரம் ஸ்டியரிங்கை எப்படிக் கொடுப்பது, கொடுக்கமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது... "ம், திருப்பு" என்று தலையாட்டினார். அவள் சிரித்தாள், கண் கலங்குவதற்குள் சிரித்துவிட வேண்டும், இந்த முகத்தில் எது வந்தாலும் அவருக்குக் கேட்டுவிடும்.