ஜோடிக் காதுமூடி

காதுப் பக்கம் மட்டும் வராமல் இருந்தால் போதும். சட்டையை அவரே பொறுக்கட்டும், கண்ணாடியை அவரே மாட்டிப் பார்க்கட்டும். கையுறை, தொப்பி, தோட்டாப் பை எதற்கும் நான் குறுக்கே நிற்கப்போவதில்லை. காதுக்கு ஒன்றும் வேண்டாம், அதுதான் கிளப்பில் கொடுக்கிறார்களே என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கணவரைப் பற்றி இப்படி நினைத்தபடி அவள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். துப்பாக்கி சுடுபவர்களுக்கான சாமான்கள் விற்கும் கடை அது. ஜன்னல் கிடையாது. மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து கூரைவரை கொக்கிகள், கொக்கிகளில் பைகளும் பெல்ட்டுகளும். கடைக்காரர் கையில்லாத கனத்த சட்டை ஒன்றை அவளுக்கு மாட்டிவிட்டு, பக்கவாட்டுப் பட்டைகளை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார். வலது தோளில் தைத்திருந்த தோல் மெத்தை புதுச் செருப்பைப்போல மணந்தது.

"மூச்ச நல்லா இழுத்து விடுங்கம்மா. இறுக்குதா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் சொன்னார்: "கொஞ்சம் இறுக்கமாவே இருக்கட்டும். தொளதொளன்னு இருந்தா தூக்கும்போது துப்பாக்கி சட்டையில சிக்கும்."

"மூச்சு விடப்போறது அண்ணிதானே அண்ணே, நீ இல்லையே," என்றாள் நாத்தனார். விற்பனைக்கு வைத்திருந்த மடக்கு நாற்காலியில் சொந்த வீட்டைப்போல உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கணவர் சிரித்தார். அவருக்குக் கோபமே வராது. வந்திருந்தால் ஒருவேளை அதற்குப்பின் கொஞ்ச நேரமாவது பேசாமல் இருந்திருப்பார். காலையில் அவள் கண் விழிக்கிறாளா என்று பார்த்திருந்து பேச ஆரம்பிப்பார். குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று பேசுவார், அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் போனில் பேசுவார். அவள் காய் நறுக்கினால் எப்படி நறுக்கலாம் என்று அன்பாகச் சொல்வார். புத்தகம் எடுத்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு, சொன்னதும், அதைப் பற்றித் தான் நினைப்பதைச் சொல்வார். ஒரு கடுஞ்சொல் கிடையாது. இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? புருஷன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று மாய்கிறவர்கள்தான் அவளைச் சுற்றி இருந்தார்கள். கொழுப்பு என்பார்கள்.

கிளப்புக்கும் அவர்தான் கூட்டிப்போனார். ஊருக்கு வெளியே பெரிய மைதானம். பள்ளத்தில் மறைத்து வைத்திருக்கும் எந்திரம், குரல் கொடுத்தால், காப்பித் தட்டளவு களிமண் தட்டு ஒன்றை வானத்தில் வீசும். அது கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். முதல் சில வாரங்கள் அவள் பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்க்குக்குக் காவல் இருந்தாள். பிறகு ஒருநாள், "சும்மா ஒரு தடவ புடிச்சுத்தான் பாரேன்" என்றார். யாரோ கிளப்பின் பழைய காதுமூடி ஒன்றை அவள் தலையில் கவிழ்த்தார்கள்.

அவ்வளவுதான். உலகம் நின்றுவிட்டது. தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தியதுபோல இருந்தது. தன் மூச்சு உள்ளே போய் வெளியே வருவதைக் கேட்டாள். அது தன்னுடையது என்று தெரிந்துகொள்ளவே கொஞ்சம் நேரமானது. பக்கத்தில் கணவரின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஏதோ ஒரு முணுமுணுப்பு மட்டும், அடுத்த வீட்டு வானொலிபோல. அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். தட்டு எழும்பியது. ஆரஞ்சு நிறம். அதற்கும் அவளுக்கும் நடுவில் யாரும் இல்லை. தட்டு தூள்தூளாகி இறங்கியது.

"பாத்தியா! கொஞ்சம் முன்னால பிடின்னு சொன்னேன்ல?" மூடியைக் கழற்றியதும் அவர் குதித்தார்.

"ஆமாங்க" என்றாள்.

அந்த ஆமாங்கவை அதற்குப்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொன்னாள். அவர் பின்னால் நின்று பேசுவார், அவள் தலையாட்டுவாள், தட்டு உடையும். தன் பேச்சுத்தான் தட்டை உடைக்கிறது என்று அவர் பூரணமாக நம்பினார். அடுத்த மாதம் கிளப்பில் கணவன் மனைவி ஜோடியாகச் சுடும் போட்டி. பெயர் கொடுத்தாகிவிட்டது. அதற்காகத்தான் இந்தக் கடை.

"சட்டை முடிஞ்சுது, கண்ணாடி முடிஞ்சுது," கணவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "இப்ப முக்கியமான சமாச்சாரம். காது."

"கிளப்புலதான் தர்றாங்களேங்க. அதுவே நல்லாத்தான் இருக்கு."

"அதுவா? ஊர்ல உள்ளவன் வேர்வை பூரா அதுலதான் இருக்கு."

கடைக்காரர் கண்ணாடி அலமாரியைத் திறந்து நீளமான ஒரு பெட்டியை எடுத்தார். உள்ளே மெத்தைக் குழிகளில் இரண்டு பச்சைக் காதுமூடிகள் இரட்டைக் குழந்தைகள்போலப் படுத்திருந்தன.

"வெடிச்சா அந்தக் கணமே அடைச்சிடும். மத்தபடி மனுஷக் குரல் சும்மா மணி மாதிரி கேக்கும். இதுல விசேஷம் என்னன்னா சார், ரெண்டும் ஜோடி. மைக் இருக்கு. மைதானத்தோட அந்தக் கோடியில நின்னாலும் நீங்க அம்மா காதுக்குள்ளயே பேசலாம்." அவர் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். "நான்லாம் சின்ன வயசுல ஒண்ணுமே மாட்டாம சுட்டவன். இந்தக் காது போச்சு. வீட்டுக்காரி இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டா கேக்கவே கேக்காது."

"அது கோளாறா சார், இல்ல வசதியா?" என்றாள் நாத்தனார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் அந்தக் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டிப் பாக்கலாம்" என்று கணவர் ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அலமாரிகளுக்குப் பின்னால் கடையின் அந்தக் கோடிக்குப் போனார். கடைக்காரர் மற்றொன்றை அவளுக்கு மாட்டிப் பொத்தானை அமுக்கினார். நாற்காலி கிரீச்சிட்டது, மின்விசிறி உறுமியது. பிறகு கணவர் வந்தார். பக்கத்திலிருந்து வரவில்லை, மண்டைக்குள்ளிருந்தே வந்தார்.

"கேக்குதா? கேக்குதாம்மா? என்னத் தேடாத. நேராப் பாரு. தோள இறக்கு. அய்யோ, முகத்த ஏன் அப்படி வச்சிருக்க? ஆளுயரக் கண்ணாடியில எனக்குத் தெரியுது. கொஞ்சம் சிரி."

அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அவளுடைய மூச்சு எங்கே என்று தெரியவில்லை.

"அண்ணி, அண்ணன் காதுக்குள்ளயே குடித்தனம் வந்துட்டாரு போல," என்று நாத்தனார் சொன்னது சத்தமாகக் கேட்டது.

அவள் கழற்றினாள். "துப்பாக்கிய கன்னத்துல வச்சா இது கட்டையில இடிக்கும்."

அது உண்மையும்கூட. கடைக்காரர் பழகுவதற்கு வைத்திருந்த மரத் துப்பாக்கியைக் கொடுத்து, தோளில் ஏற்றச் சொல்லிப் பார்த்தார். "சரியாச் சொன்னீங்க" என்று உள்ளே போய் அதே ஜோடியில் ஒல்லியான வகையைக் கொண்டுவந்தார். இடிக்கவில்லை.

"கண்ணாடிக் காம்பு அழுத்துது."

மெத்தையைக் கழற்றிவிட்டு மெத்தென்ற வேறொன்றைப் பொருத்தினார். அழுத்தவில்லை.

"தலை கனக்குது."

பட்டையை அகலமானதாக மாற்றினார். கணவர் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொன்றையும் வாங்கி அவளிடம் நீட்டினார். "நீ தயங்காம சொல்லு. எத்தன வேணாலும் மாத்திப் பாக்கலாம்" என்றார். பிறகு கடைக்காரரிடம் பெருமையாக, "நான் சொல்றதுல பாதிதான் இவளுக்குக் கேக்குது சார். அதுக்கே இந்த அடி அடிக்கிறா. முழுசும் கேட்டா எப்படி இருக்கும், நினைச்சுப் பாருங்க!"

பாதிகூட இல்லை. அதைச் சொல்லிவிடலாம். சொன்னால் அவருடைய அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் அந்தத் தட்டுகள்போலச் சிதறும். அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம்தான் தன்னை ஒவ்வொரு முறையும் தலையாட்ட வைத்து இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பதும் தெரிந்தது. வாங்கிக்கொண்டு பொத்தானை அணைத்து வைத்தால் என்ன? ஆனால் இதில் அவர் கேக்குதா என்று கேட்பார். கேட்டுவிட்டு, அவளும் மைக்கில் பதில் சொல்லும்வரை காத்திருப்பார். தலையாட்டினால் போதாது.

"பேக் பண்ணிடவா சார்?"

"பண்ணுங்க, பண்ணுங்க."

அவள் காதுமூடியைக் கழற்றிப் பெட்டிக் குழியில் வைத்து மூடியைச் சாத்தினாள். சுவரில், தலைக்கு மேல் உயரத்தில், பொத்தானோ பேட்டரியோ இல்லாத சாதாரணக் காதுமூடிகள் தொங்கின. எட்டி ஒன்றை எடுத்தாள்.

"எனக்கு இது போதுங்க."

"அதுல நான் பேசுறது கேக்காதேம்மா."

"கேக்காது."

நாத்தனாரின் கால் ஆடுவது நின்றது. கணவர் ஏதோ எந்திரம் பழுதாகிவிட்டதுபோலக் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் கொக்கியில் தொங்கிய பெல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

"போட்டியில நிறுத்தச் சொன்னாங்கன்னா? அதுகூடவா கேக்க வேணாம்?" என்றார் கணவர்.

"கூப்பாடு போட்டா இதுலயும் கேக்கும் சார்," என்றார் கடைக்காரர், யாரையும் பார்க்காமல்.

"அப்ப நான் எப்படிச் சொல்லித் தர்றது?"

"சொல்லித் தர வேணாங்க."

அவள் குரல் உயரவில்லை. அவர் முகத்தில் கோபம் வருமா என்று ஒரு கணம் பார்த்தாள். வரவில்லை. பிறகு வழி கண்டுபிடித்துவிட்டவராக முகம் மலர்ந்து, பெட்டியை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"சரி, ரெண்டையும் வாங்கிக்குவோம். ஒருநாள் அது, ஒருநாள் இது. போட்டியன்னைக்கு மட்டும் இதப் போட்டுக்க. என்ன? எனக்காக."

பெட்டி அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றது.

"வேணாங்க," என்றாள். கை நீட்டவில்லை, தலையும் ஆட்டவில்லை.