அரை ஷட்டர்

தண்ணீர்ப் பம்பு செய்யும் அந்தப் பட்டறைக்காரருக்குத் தெருவில் 'அரை ஷட்டர்' என்றுதான் பெயர். பட்டறைக்குப் போர்டு கிடையாது. ஷட்டர் எப்போதும் இடுப்பளவுதான் திறந்திருக்கும். மகாராஜாவே வந்தாலும் குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.

அவர் ஒன்றும் கிறுக்கரில்லை. ஒரு காலத்தில் பெரிய போர்டு மாட்டி, ஆறு பேரை வைத்து ஓஹோவென்று நடத்தியவர்தான். போர்டைப் பார்த்து வாடிக்கையாளர் வருவதற்குள் அதிகாரிகள் வந்துவிட்டார்கள். மின்சாரத்துக்கு ஒருவர், தொழிலாளர் நலனுக்கு ஒருவர், தீ பிடிக்காமல் இருக்க ஒருவர். அந்தக் கடைசி ஆள் மணல் வாளியை எட்டிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார். கொடுத்துக் கொடுத்தே வேலையாட்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் அவர் மட்டும் மிஞ்சினார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா? போர்டைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். வளராமல் இருந்தால் யார் கண்ணிலும் படமாட்டோம் என்று முடிவு கட்டிவிட்டார்.

மனைவி இறந்த பிறகு அவருக்கு மகள்தான் எல்லாம். வெளிநாட்டு வேலை கைக்கு வந்தும் அதைத் தள்ளிப்போட்டு, அவள் நூறு பம்புக்கு ஓர் ஆர்டர் பேசி வைத்திருந்தாள்.

"இது கெடச்சா நான் எங்கயும் போகலப்பா. போர்டையும் மாட்டுங்க, ஆள் வரும். வாங்குறவரு பட்டறையப் பாக்கணுமாம். போன் பண்ணிட்டு வருவாரு."

"வரட்டும்மா" என்றார். அந்தச் சந்தோஷத்தில் தரையைக்கூடக் கழுவினார்.

வந்தவர் போன் செய்யவில்லை. மகள் வெளியே போயிருந்தாள். ஷட்டருக்குக் கீழே பளபளவென்று இரண்டு ஷூக்கள் வந்து நின்றன. சொல்லாமல் வருகிறவர் அதிகாரி இல்லாமல் வேறு யார்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மெஷினை அணைத்து, ஷட்டரைச் சடாரென்று கீழே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் தப்பித்தோம் என்று சிரித்துக்கொண்டார்.

சாயங்காலம் மகள் சொன்னாள். "அவரு வந்து பாத்தப்ப ஷட்டர் மூடியிருந்துச்சாம். ஆர்டர் வேற எடத்துக்குப் போயிடுச்சுப்பா."

அவள் திட்டியிருந்தால் தேவலை. அந்த மாதமே விமானம் ஏறிவிட்டாள்.

அதன்பிறகு வீட்டில் பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு, மீதியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். இனி எதை ஒளித்து வைப்பது என்று ஒருநாள் ஷட்டரை முழுதாக ஏற்றி, போர்டைத் துடைத்து மாட்டினார்; மகளுக்கும் போனில் சொன்னார். வாரக்கணக்கில் ஈ காக்கைகூட வரவில்லை.

பிறகு பளபளக்கும் ஷூக்கள் வந்தன. இந்த முறை உண்மையிலேயே அதிகாரி.

"போர்டெல்லாம் பலமா இருக்கு. பர்மிஷன் வாங்கியாச்சா?"

பழைய ஆளாக இருந்தால் வெலவெலத்துப் போயிருப்பார். இன்றோ ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க சார். டீ சொல்றேன்."

ஒரு மனிதக் குரல் கேட்டதில் மனம் குளிர்ந்ததை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது. டீ வந்தபோது மகளின் போனும் வந்தது.

"பக்கத்துல யாரோ பேசுறாங்களே, யாருப்பா?"

அதிகாரியைப் பார்த்தார்.

"கஸ்டமர்மா."

"போர்டு மாட்டினா ஆள் வரும்னு நான் சொன்னேன்ல?"

"ஆமாம்மா. வந்துட்டாரு."

அதிகாரி டீயை ஊதி ஊதிக் குடித்தபடி, அவர் பேசி முடிப்பதற்காகக் காத்திருந்தார்.