எல்டன் ரிவர்ஸ் எடுத்த கதை

எல்டன் க்வாமிக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. இத்தனை வயதில் தன்னைப் பற்றி அவனுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெளிவாகத் தெரியும். முன்னால் போகிற எந்த வண்டியையும் அவன் ஓட்டிவிடுவான். பின்னால் எடுக்கச் சொன்னால் மட்டும் இடது எது, வலது எது என்பது அவனுக்கு மறந்துபோகும். அப்படிப்பட்டவன் இருபத்தெட்டு அடி நீள டிரெய்லர் வீட்டை வாங்கி, ஆறு வருடமாக அதை பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு அலைகிறான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வான். ஆனால் விற்க மனம் வராது.

மினசோட்டா மாநிலத்தில், டிரெய்லரோடு போய்த் தங்குகிற டாமரக் ஏரிப் பூங்காவில் ஒரு வழக்கம் உண்டு. ஏரியைப் பார்க்கத்தான் எல்லோரும் இருநூறு மைல் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். வியாழக்கிழமை மதியம் மட்டும் மடக்கு நாற்காலிகளை ஏரிக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு, கையில் பீரோடு பாதையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் தங்கள் டிரெய்லரை மரங்களுக்கு நடுவே பின்னால் தள்ளி நிறுத்துகிற அழகைப் பார்க்கத்தான். யாரும் சிரிக்கமாட்டார்கள், ஒரு வார்த்தையும் சொல்லமாட்டார்கள். மினசோட்டாக்காரர்களுக்கு அது மரியாதைக் குறைவு. பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார்கள். அதற்குக் கன்னத்தில் இரண்டு அறை வாங்கிக்கொள்ளலாம்.

போன ஜூலையில் அந்த நாற்காலிகளுக்கு எல்டன் நல்ல விருந்து வைத்தான். பின்னால் நின்று கைகாட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி லோர்னா நிறுத்து, நிறுத்து, நிறுத்து என்றாள். அவன் நிறுத்தவில்லை. டிரெய்லர் தண்ணீர்க் குழாயில் மோதியது. குழாய் பிடுங்கிக்கொண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியது. எல்டன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, நாற்பது பேர் பார்க்க, உனக்குக் கண் எங்கே போச்சு, வாயில் என்ன கொழுக்கட்டையா என்கிற தினுசில் தொண்டை கிழியக் கத்தினான். லோர்னா சொட்டச் சொட்ட நனைந்தபடி நின்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பூங்கா வாசலுக்கு நடந்தாள். அவள் தங்கை இரண்டு மணி நேரம் காரோட்டி வந்து அழைத்துப் போனாள். மீதி மூன்று நாளும் எல்டனும் மகள் மேரனும் கருகிப்போன சாசேஜைத் தின்றுகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஒரு வருடமும் எல்டன் ஒரே பல்லவியைத்தான் பாடினான். நீ சொன்னது எனக்குக் காதில் விழவில்லை. லோர்னா அதற்குப் பதிலே சொல்லவில்லை. மார்ச் மாதம் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது தீர்ப்பு மட்டும் வந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை வருவாள். அங்கே அவன் குரல் ஒரு தரம் உயர்ந்தாலும் திங்கட்கிழமை காலையில் டிரெய்லர் விற்பனைக்கு என்று விளம்பரம் போட்டுவிடுவாள், அப்புறம் இந்தப் பேச்சே கூடாது. விளம்பரத்தை எழுதியே வைத்திருந்தாள். எல்டன் படித்துப் பார்த்தான். நன்றாகத்தான் எழுதியிருந்தாள்.

அவனுக்கு டிரெய்லர் போனால் போகட்டும். ஆனால் அவன் ஊர் ஊராக அலமாரி விற்கப் போகிறவன், அவள் மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கிறவள், மகளுக்கோ பதினான்கு வயது. மூன்று பேரும் ஒரே மேசையில் உட்காருவது வருடத்தில் அந்த நான்கு நாள்தான். அதை இழந்துவிட்டால் தனக்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை என்று எல்டனுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் வாய்தான் அவன் சொன்னபடி கேட்பதில்லை.

யோசித்து யோசித்து, வாயை அடக்குவதைவிட அதற்கு ஒரு கருவி வாங்கிக் கொடுப்பது சுலபம் என்று முடிவுக்கு வந்தான். பூங்காவுக்குப் போகிற வழியில் தூண்டில் கடையில் நிறுத்தி, மஞ்சள் நிறத்தில் இரண்டு வாக்கி-டாக்கி வாங்கினான். ஒன்று ஸ்டியரிங் பக்கத்தில், ஒன்று பின்னால் நிற்கிற லோர்னா கையில். இனிக் கத்த வேண்டிய அவசியமே இல்லை, காதோடு காதாகப் பேசிக்கொள்ளலாம். தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது. கூட இருந்த விளக்கத் தாளை அவன் படிக்கவில்லை. விளக்கத் தாளைப் படிப்பது க்வாமி பரம்பரையிலேயே கிடையாது.

பூங்கா வாசலைத் தாண்டியதும் மேரன் கதவைத் திறந்து இறங்கினாள்.

"நிறுத்தி முடிச்சதும் எனக்கு மெசேஜ் பண்ணுங்க. அதுவரைக்கும் நான் உங்க பொண்ணு இல்ல" என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைப் பக்கம் போய்விட்டாள். எல்டன் அவளைக் குறை சொல்லவில்லை. முடிந்திருந்தால் அவனும் கூடவே போயிருப்பான்.

அவர்களுக்குக் கிடைத்தது பதினேழாம் எண் இடம். இருபக்கமும் பைன் மரம், எதிரே வரிசையாக நாற்காலிகள். லோர்னா பின்னால் போய் நின்றாள். எல்டன் வாக்கி-டாக்கியை வாயருகே வைத்துக்கொண்டு ரிவர்ஸ் போட்டான். முதல் தடவை டிரெய்லர் இடது மரத்தை நோக்கிப் போனது, இரண்டாவது தடவை வலது மரத்தை நோக்கி. குரல் உயரவில்லை. ஆனால் வழக்கமாகக் கத்துகிற சமாச்சாரம் அத்தனையும் இப்போது தணிந்த குரலில் வந்துகொண்டிருந்தது. மரத்தை நட்டவன் குடித்துவிட்டு நட்டிருக்கிறான் என்றான். பாதையைப் போட்டவனுக்குக் கணக்கு வராது என்றான். பிறகு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் திரும்பினான்.

"அந்தச் சிவப்புத் தொப்பிப் பெரியவரப் பாரு லோர்னா. எழுபது வருஷமா மாட்டையே பாத்துட்டு இருந்திருப்பார் போல. அதே பார்வைல என்னையும் பாக்கறார்."

"பேச்சக் குறைச்சுட்டு ஸ்டியரிங்கத் திருப்பு" என்றாள் லோர்னா.

மூன்றாவது தடவை டிரெய்லர் பாதையின் குறுக்கே கோணலாக நின்றுவிட்டது. பின்னால் வேறு இரண்டு வண்டிகள் வந்து காத்துக்கொண்டிருந்தன. எல்டனுக்குக் கழுத்துவரை சூடேறியது. வாய் அகலத் திறக்கப் பார்த்தது. அப்போது லோர்னா கையை இறக்கினாள். பக்கக் கண்ணாடியில் அவள் ஒரு விரற்கடை உயரம்தான் தெரிந்தாள்.

"எல்டன், அப்படியே நில்லு. உன்ன ஒண்ணு கேக்கணும். போன வருஷம் தப்பு யார் மேல?"

இதுவா நேரம் என்றான். குழாயை வைத்த இடம் சரியில்லை என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை தன்னுடையதுதான் என்று சொல்லும்போதே தெரிந்தது. அவள் நகரவில்லை. வண்டி உறுமிக்கொண்டு நின்றது. கண்ணாடிக்குள் அவள் அவ்வளவு சிறியதாக நின்றதைப் பார்க்கப் பார்க்க, போன வருடம் நனைந்த தலையோடு வாசலுக்கு நடந்தவள் ஞாபகத்துக்கு வந்தாள். அப்போதும் வண்டிக்குள் திரும்ப ஏறி உட்கார்ந்து, இதே கண்ணாடியில்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். எல்டன் பொத்தானை அழுத்தினான்.

"எம் மேலதான். நீ நிறுத்துன்னு மூணு தடவ சொன்ன. மூணும் எனக்குக் கேட்டுச்சு. நிறுத்தினா, இவனுக்கு ஒண்ணும் தெரியலன்னு எல்லாரும் நினைப்பாங்கன்னு நிறுத்தல. கேக்கலன்னு ஒரு வருஷமா உங்கிட்ட பொய் சொல்லிட்டு இருக்கேன். உன்ன அப்படி நிக்க வச்சுக் கத்தினது, நினைக்க நினைக்க எனக்கே கேவலமா இருக்கு. என்ன மன்னிச்சுரு."

கண்ணாடியில் அவள் இறக்கிய கையை மறுபடி தூக்கினாள். பிறகு அவள் குரல் வந்தது. "சரி. முன்னாடி போய் நேராக்கிக்க. ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்தப் பிடி. நான் கைய எந்தப் பக்கம் காட்டறேனோ அந்தப் பக்கம் தள்ளு."

அப்படியே செய்தான். டிரெய்லர் இரண்டு பைன் மரங்களுக்கும் நடுவே சொல்பேச்சுக் கேட்கிற மாடு போலப் போய் நின்றது.

எதிரே கைதட்டல் எழுந்தது. டாமரக் ஏரியில் யாரும் யாருக்கும் கைதட்டி எல்டன் பார்த்ததில்லை. இறங்கி, தொப்பியைக் கழற்றி லேசாகக் குனிந்துகூட வணங்கிவிட்டான். சிவப்புத் தொப்பிப் பெரியவர் எழுந்து பாதையைக் கடந்து வந்து கை குலுக்கினார். தன் பெயர் ஹார்லன் என்றார்.

"எழுபது இல்லப்பா. அம்பத்தெட்டு வருஷம்தான் மாடு வச்சிருந்தேன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "மத்தபடி நீ சொன்னது மோசமில்ல" என்றார். அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

எல்டனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. ஹார்லனின் நாற்காலியைப் பார்த்தான். பீர் வைக்கிற குழியில் மஞ்சளாக ஒரு வாக்கி-டாக்கி செருகியிருந்தது. அடுத்த நாற்காலிக்குக் கீழே ஒன்று. சைக்கிளில் நின்றிருந்த சிறுமிகள் ஆளுக்கொன்று கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். பூங்காவுக்கு வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் அதே தூண்டில் கடையில், அதே பெட்டியைத்தான் வாங்கிக் கொடுக்கிறார்கள். கடையில் இருந்து வந்தபடியே எல்லாம் ஒன்றாம் சேனலில் கிடக்கின்றன; ஒன்றில் பேசினால் அத்தனையிலும் கேட்கும். படகுத்துறையில் யாரோ ஒரு பிள்ளையின் கருவியைக் காதில் வைத்தபடி நின்ற மேரன், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தாள். கூப்பிடாமலேயே வந்துகொண்டிருந்தாள்.

எல்டனின் மானம் கப்பலேறி ஏரியின் அக்கரையையே தொட்டுவிட்டது. முகம் தீயாய் எரிய, அவன் டிரெய்லருக்குப் பின்னால் போனான். லோர்னா பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து மடக்கு நாற்காலிகளை எடுத்து விரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரித்தாகிவிட்டது. மூன்றாவதைக் கையில் எடுத்தாள். எல்டன் மூன்றையும் எண்ணிப் பார்த்தான்.

"எல்லாருக்கும் கேட்டிருக்கு" என்றான் மெதுவாக.

"தெரியும். நீ மரம் நட்டவனத் திட்டினப்பவே அந்தச் சைக்கிள் பொண்ணு கழுத்துலேர்ந்து உன் குரல் வந்துச்சு."

"தெரிஞ்சே கேட்டியா?"

லோர்னா மூன்றாவது நாற்காலியை விரித்து, அது ஆடாமல் நிற்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.

"நீ என்னத் திட்டினப்போ இவங்க எல்லாரும் இங்கதான் இருந்தாங்க எல்டன். மன்னிப்ப மட்டும் நான் தனியா நின்னு வாங்கிக்கணுமா?"