மூடாத குழி

திருநின்றவூரில் தொழிற்சாலை ஊழியர்கள் சங்கமாகச் சேர்ந்து கட்டத் தொடங்கிய குடியிருப்பு, அஸ்திவாரக் குழியோடு நின்றுபோனது. கெட்டி மண் வரவேண்டிய ஆழத்தில் களிமண் வந்தது.

"இன்னாம்மா, அஸ்திவாரம்னு சொல்லி ஏரியைத் தோண்ட உட்டுட்டீங்களே! இதுக்கு மேல ஆழம் போறது என் வேலை இல்ல. கோர்ட்டுல பாத்துக்கலாம்," என்றார் காண்ட்ராக்டர் கஜபதி.

"தீர்ப்பு வர்றதுக்குள்ள மழையில குழியே சரிஞ்சுடும். அப்புறம் ஜட்ஜ் எதைப் பாப்பாரு?" என்றாள் சங்கச் செயலாளர் சுசீலா.

வேலை தொடங்கும்போதே, தகராறு வந்தால் உடனே முடிவு சொல்வதற்கென்று, யார் பக்கமும் சாராத மூன்று பொறியாளர்களை இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர்களை அழைத்தே தீரவேண்டும் என்று அவள் நின்றாள்.

"நமக்கு எதிரா சொல்லிட்டா?" என்றார் சங்கத் தலைவர் உலகநாதன்.

"கேட்டுக்கணும் சார்."

மூவரும் ஏணி வைத்துக் குழிக்குள் இறங்கி, மண்ணைப் பிசைந்து பார்த்தார்கள். இரு தரப்பையும் அங்கேயே விசாரித்தார்கள். அன்று மாலையே முடிவு சொன்னார்கள்: சங்கம் செய்த மண் பரிசோதனை இந்த மூலையைத் தொடவே இல்லை, கூடுதல் வேலைக்கான செலவு சங்கத்தின் பொறுப்பு, ஆனால் கஜபதி மறுநாளே தோண்ட வேண்டும்.

உலகநாதனின் முகம் கறுத்தது. சுசீலாவுக்கும் வலிக்கத்தான் செய்தது. மேற்கே மேகம் திரண்டிருந்தது.

"காலைல எத்தனை பேர் வருவாங்க?" என்று கஜபதியிடம் கேட்டாள்.

"கீற ஆள் அத்தினி பேரையும் எறக்கிடறேம்மா," என்றார் அவர்.