அக்காவின் கல்சியம்

அம்மாவின் கழுத்தில் தையல் பிரித்த அன்றுதான் டாக்டர் முழுவதையும் சொன்னார். தைரொயிட்டுக்குப் பின்னால் பயறளவில் நான்கு சிறு சுரப்பிகள் இருக்கின்றனவாம். இரத்தத்தில் கல்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அவைதான் பார்த்துக்கொள்கின்றன. ஒன்றில் கட்டி வந்தால் எலும்பிலிருக்கும் கல்சியம் கரைந்து இரத்தத்துக்கு வந்துவிடும். பெரும்பாலும் அது தீங்கில்லாத கட்டி. அம்மாவுடையது புற்றுநோய், மிக அரிதானது. எலும்பு நோகிறது என்று அம்மா சொன்ன காலமெல்லாம், கனடாவிலிருந்து வந்தவர்கள் கல்சியக் குளிசைப் போத்தல்களையே கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மாவும் ஒழுங்காக விழுங்கினார்.

சில குடும்பங்களில் இது பரம்பரையாக வரலாம், பிள்ளைகள் இருவரும் இரத்தம் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று திரும்பவும் கேட்டேன். அதையேதான் சொன்னார்.

மறுநாளே சோதித்தேன். எனக்குச் சரியாக இருந்தது. அக்கா துஷாந்தினிக்குச் சில மாதங்களாக ஓயாத தாகம், இடுப்பில் குத்து. அம்மாவுக்கும் அப்படித்தான் தொடங்கியது. சனிக்கிழமை என்னுடன் வர அக்கா ஒத்துக்கொண்டாள். அம்மாதான் மறித்தார். அடுத்த மாதம் கனடா மாப்பிள்ளையுடன் அக்காவுக்கு எழுத்து, அதாவது பதிவுத் திருமணம். வெள்ளவத்தையில் எந்த லாபில் இரத்தம் கொடுத்தாலும் ஃபிளாட் முழுக்கத் தெரிந்துவிடும் என்றார்.

"என்ர கழுத்தை வெட்டியாச்சு. அவளின்ர கழுத்தில முதல்ல தாலி ஏறட்டும்."

வெள்ளிக்கிழமை நான் மாலை வகுப்பு முடிந்து வந்தபோது மாப்பிள்ளையின் பெரியம்மா பவளராணி தோடம்பழங்களுடன் வந்து இருந்தார். சாதாரணக் கட்டிதான் என்று அம்மா சொல்லியும் அவர் விடவில்லை. கொட்டாஞ்சேனையில் தன் மச்சாளுக்கும் கழுத்தில் கட்டி வந்ததாம், பிறகு மகளுக்கும் வந்ததாம்.

"பிள்ளையளுக்குப் பாத்தனீங்களோ?"

அம்மா என்னைக் காட்டினார். "ஓம், பாத்தாச்சு. ஒண்டும் இல்லையாம்."

"ரெண்டு பேருக்குமோ?"

அக்கா தேத்தண்ணித் தட்டுடன் நின்றாள். "ஓம் அன்ரி. எனக்கும் நோர்மல்தான்."

சனிக்கிழமை காலை நான் வெளிக்கிட்டு நின்றேன். அக்கா சீப்பெடுத்துத் தலைகூட இழுக்கவில்லை.

"இனி எப்பிடிப் போறது? கல்சியம் கூட எண்டு வந்தா, நேற்றுச் சொன்னது பொய்யாப் போயிடும்."

"இப்பவும் பொய்தானே அக்கா."

"இப்ப எங்கள் மூண்டு பேருக்குத்தான் தெரியும்."

அடுத்த கிளினிக்குக்கு மூவரும் போனோம். பிள்ளைகளுக்குச் சோதித்தாயிற்றா என்று டாக்டர் கேட்டார். அம்மா தலையாட்டினார். சொல்வது சரியா என்று எனக்கு நிச்சயமில்லை. என்றாலும் அக்கா இன்னும் சோதிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா சிரித்தாள்.

"தங்கச்சிக்குத் தெரியாது டொக்டர். நான் வேற இடத்தில செய்தனான். நோர்மல்."

சந்தோஷம் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார். வெளியில் அக்கா என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். அம்மாதான் கதைத்தார்.

"நீ உன்ர அலுவலைப் பார்."