ஒரே உறை, இரண்டு புத்தகம்

இரட்டைப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரே ஒரு உறைதான் கொண்டுவருவார்கள். "ரெண்டு பேருக்கும் சேத்து வச்சிருக்கேன்" என்று சொல்லி, ஒரு பிள்ளைக்கு வைக்கிற தொகையை வைத்துவிட்டுப் போவார்கள். மனிதர்கள் அப்படித்தான், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. எனக்குக் கோபமெல்லாம் அந்த உறையைப் பிரித்துப் பாதி பாதியாகப் பங்கு போட்டார்களே, அந்த அம்மா அப்பா மேல்தான்.

பங்கு போட்டதோடு விட்டார்களா? பிள்ளைகளையே ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். மகனுடைய பாதி அப்பா பொறுப்பு, மகளுடைய பாதி அம்மா பொறுப்பு. அவரவர் இஷ்டப்படி போட்டுப் பெருக்கலாம். அவர் கணக்குப் புத்தகத்தை அவளோ, அவள் புத்தகத்தை அவரோ எட்டிப் பார்க்கக் கூடாது. பிள்ளைகளுக்கு எட்டு வயது முடிகிற அன்று இரண்டையும் மேஜைமேல் வைக்க வேண்டும். வேறு எந்தப் புருஷன் பெண்டாட்டிக்காவது இந்தக் கூத்து தோன்றியிருக்குமா, சொல்லுங்கள்.

இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியவள் அந்த அம்மாதான். அதற்குக் காரணம் இருந்தது. அவளுக்குப் பத்து வயதானபோது, பவுடர் டப்பாவில் அவள் சேர்த்து வைத்திருந்த அன்பளிப்புப் பணத்தை அவளுடைய அப்பா எடுத்து அண்ணனுக்குச் சைக்கிள் வாங்கினார். "அப்புறம் தரேன்டா கண்ணு" என்றார். தரவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்தச் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போனாள். கேரியர் கம்பி தொடையில் குத்தும். அதையும் யாரிடமும் சொன்னதில்லை. மகனும் மகளும் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே ஒன்றை முடிவு செய்தாள்: பையனுக்குக் கூட, பெண்ணுக்குக் குறைவு என்ற பேச்சே இந்த வீட்டில் இருக்கக் கூடாது. "பொண்ணு காசு என் கையிலதான் இருக்கும். அதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்றாள். புருஷன் சரி என்று தலையாட்டினார்.

அவருக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வேலை கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். குளிர்பதனக் கிடங்கில் கண்காணிப்பாளர். பெட்டி பெட்டியாய் மீனும் காய்கறியும் அடுக்கிய அறைகளுக்கு வெளியே உட்கார்ந்து, யாரும் அநாவசியமாகக் கதவைத் திறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உத்தியோகம். ஒரு தடவை திறந்தால் போன குளிர் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும் என்பார். மகன் பணத்தையும் அப்படியே செய்தார். வந்ததை வங்கியில் வைப்புத் தொகையாகப் போட்டார், முதிர்ந்தால் வட்டியோடு மறுபடி போட்டார், அதோடு மறந்தார்.

அவளோ பஸ் டிப்போவில் டைம் கீப்பர். கண்ணாடி அறையில் மைக்கும் பதிவேடும் வைத்துக்கொண்டு எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று விரட்டுகிறவள். டிரைவர், கண்டக்டர் எல்லோருக்கும் அவள் 'டைம் அக்கா'. ஒரு வண்டி மூன்று நிமிடம் சும்மா நின்றால் போதும், அவளுக்குக் கை நமநமவென்று அரிக்கும். பணம் சும்மா கிடந்தாலும் அதே அரிப்புதான். வைப்புத் தொகையில் போட்டாள், பதினோராவது மாதம் உடைத்துத் தங்கக் காசு வாங்கினாள். தங்கம் நாலு மாதம் அசையாமல் இருந்தது, விற்றுவிட்டாள். கடைக்காரர் கழிவு என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டார். பரஸ்பர நிதியில் போட்டாள், அது இறங்கியதும் பயந்து எடுத்தாள். எடுத்த மறுமாதம் அது ஏறியது, மறுபடி போட்டாள். எட்டு வருடத்தில் பத்தொன்பது மாற்றல். ஒவ்வொன்றையும் ஒரு நீல நோட்டில் தேதியோடு எழுதியிருந்தாள், அந்த ஒழுங்குக்குக் குறைச்சல் இல்லை. உள்ளே போனது நாற்பதாயிரம். மிச்சம் இருந்தது முப்பத்தாறாயிரம், அதுவும் அப்போதைக்குச் சேமிப்புக் கணக்கில்.

வியாழக்கிழமை காலை சாப்பிடும்போது அவர் சாவகாசமாகக் கேட்டார். "ஞாயித்துக்கிழமை எட்டு முடியுது. புத்தகத்தை எடுத்து வச்சிடலாமா?"

அவள் எழுந்து போய்த் தண்ணீர்ச் செம்பை எடுத்து வந்தாள்.

"எனக்குத்தான் நெறைய இருக்கும், நான்தானே அக்கா" என்றாள் மகள்.

"ஏழு நிமிஷ அக்கா" என்றான் தம்பி.

"ஏழு நிமிஷத்துக்கும் வட்டி உண்டு. இல்லம்மா?"

அம்மா தண்ணீர் குடித்தாள். ஒரு டம்ளர் குடித்தாள், இன்னொரு டம்ளரும் குடித்தாள். வங்கி வட்டியை அவளுக்குக் கணக்குப் போடத் தெரியாதா? பையனுடையது ஐம்பத்தைந்தாயிரத்துக்குக் கீழே இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மேஜைமேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பையனுக்குக் கூட, பெண்ணுக்குக் குறைவு. செய்தவள் யார்? அவள்தான், வேறு யாரும் இல்லை.

டிப்போவுக்குப் போனால் இருப்புக் கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு கண்டக்டர் ஜன்னலுக்கு வந்தான். யார் நோட்டை நீட்டினாலும் மீதி இல்லை என்று கை விரிப்பதால் அவனுக்கு 'சில்லறை' என்றே பெயர்.

"டைம் அக்கா, ஒரு விஷயம். நம்ம வண்டிக்கு டயர் போடுற கம்பெனி இருக்குல்ல, அவனுக்குப் பெரிய ஆர்டர் வரப்போவுது. என் மச்சான் அங்கதான் வேலை பாக்குறான். நாளைக்கு ஷேர் சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்."

"நீ வாங்கிட்டியா தம்பி?"

"எங்கக்கா, கையில காசு எங்க இருக்கு?"

மீதிச் சில்லறை கொடுக்கத் துப்பில்லாதவன் பேச்சைக் கேட்டு, மகளுடைய முப்பத்தாறாயிரத்தையும் பதினொன்றரை மணிக்குள் அந்த டயர் கம்பெனியில் போட்டுவிட்டாள். அடிப் பாவி என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்த நிமிடம் அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. பணம் எதையோ செய்துகொண்டிருக்கிறது, அவளுக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் போனைப் பார்த்தாள். நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு. விற்றுவிடு என்றது ஒரு மனசு. ஐம்பத்தைந்து வேண்டுமே என்றது இன்னொன்று. பதினொன்றுக்கு நாற்பது. பன்னிரண்டுக்கு முப்பத்தேழு. மைக்கில் ஒரு கண், போனில் ஒரு கண். எழுதுவதற்குப் பதிவேட்டைத் திறப்பாள், எதற்குத் திறந்தோம் என்று மறந்து மூடுவாள். எழுந்து நிற்பாள், மறுபடி உட்காருவாள். ஒரு மணிக்கு முப்பத்து மூன்று.

வயர்லெஸ்ஸில் ஒரு டிரைவர் கத்தினார். "டைம் அக்கா! எனக்கு முன்னாடியே ஒரு பதினாலாம் நம்பர் போய்க்கிட்டு இருக்கு. ரெண்டு பதினாலை அனுப்பிட்டீங்க. ஆஸ்பத்திரி ரூட்டுக்கு வண்டியே இல்லையாம், அங்க நிக்கிற ஜனம் எங்களைத் திட்டுது!"

பதினேழு வருட வேலையில் அப்படி ஒரு தப்பு அவள் செய்ததில்லை. ஒரு வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். மன்னிப்புக் கேட்டாள். பிறகு, தொலையட்டும் சனியன் என்று போனை எடுத்து, இருந்த விலைக்கு எல்லாவற்றையும் விற்றாள். முப்பதாயிரத்து ஐந்நூறு வந்தது.

சந்தை மூடும்போது அது முப்பத்தொன்பதுக்குத் திரும்பியிருந்தது. அதையும் பார்த்துத் தொலைத்தாள். பார்க்காமல் இருக்க அவளால் முடியுமா?

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். நோட்டில் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தாள், மீதிப் பத்தொன்பது பக்கத்தையும் கிழித்துவிட்டு எதைக் காட்டுவது? சம்பளக் கணக்கில் ஒன்பதாயிரம்தான் இருந்தது, மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மத்தியானம் கிடங்குக்கே போய் நின்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனாள், சத்தியமாக.

அவர் தடித்த சட்டையோடு வெளியே வந்தார். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"என்னம்மா, இந்நேரத்துல? பசங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லங்க. உங்க புத்தகத்துல எவ்வளவு இருக்கு?"

அவர் கையுறையைக் கழற்றினார். "ஏன், கதவைத் தெறந்துட்டியா?"

"இல்ல" என்றாள். இவ்வளவு தூரம் இரண்டு பஸ் மாறி வந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, மறுபடி இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்துதான் தீரும், விடிந்தது. மகள் மேஜையைத் துடைத்தாள். இரண்டு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டாள். அப்பா வங்கிப் புத்தகத்தை வைத்தார். தம்பி கடைசி வரியில் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தான். ஐம்பத்தெட்டாயிரத்து இருநூறு.

"என்னுது?" என்றாள் மகள்.

அம்மா நீல நோட்டை வைத்தாள். மகள் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனாள், எல்லாப் பக்கத்திலும் அடித்தலும் அம்புக்குறியும் தேதியும். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நின்றாள்.

"இது என்னம்மா? முப்பதாயிரத்து ஐந்நூறுதானா? மீதி எங்க?"

"மீதி இல்ல கண்ணு. அவ்வளவுதான் இருக்கு."

"போட்டதே நாப்பதுன்னு இங்க எழுதியிருக்கு."

"ஆமா. நான்தான் குறைச்சுட்டேன். அங்க இங்கன்னு மாத்தி மாத்தி... முந்தாநாள் கூட மாத்தினேன். உன் காசைக் கூட்டணும்னுதான் செஞ்சேன். ஆனா குறைஞ்சிருச்சு."

சொல்லி முடித்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்பா நோட்டை எடுத்துப் பார்த்தார். வழக்கமாக எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர், "இருபது தடவையா!" என்று வாய்விட்டே சொன்னார். பிறகு பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சரி, போனது போச்சு. எல்லாருமே ஒரே உறையிலதானே குடுத்தாங்க. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு ஆளுக்குப் பாதி வச்சிக்கலாம்."

"ம், என்னுதுல எடுத்துக்கோக்கா" என்றான் தம்பி. ஏழு நிமிஷத்தைக் கூடச் சொல்லிக்காட்டவில்லை.

"வேணாம்" என்றாள் மகள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "அது உன்னுது. உன்னுது எதுக்குக் குறையணும்? என்னுதை அம்மாதான் குறைச்சாங்க." அம்மா பக்கம் திரும்பினாள். "எப்போ தருவே?"



இரண்டே இரண்டு வார்த்தை. பவுடர் டப்பா காலியாகக் கிடந்த அன்று அவளுக்கு இது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் வாயில் வந்திருக்காது. அண்ணன் சைக்கிள் தேய்ந்து துருப்பிடித்து எடைக்குப் போகிற வரைக்கும் அவள் அப்பாவிடம் கேட்காததை, இந்த எட்டு வயது அவளிடமே கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறது. அவமானமாகவும் இருந்தது, அந்த வாயாடியை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"மாசம் ஆயிரம் தரேன்" என்றாள். "தம்பிக்கு இருக்கிற அளவு உனக்கும் வர வரைக்கும்."

அப்பா மேஜைமேல் விரலால் கணக்குப் போட்டுப் பார்த்தார். "இருபத்தேழாயிரத்து எழுநூறு. இருபத்தெட்டு மாசம் ஆகும்."

"அப்போ எனக்குப் பத்து வயசு தாண்டிடும்" என்றாள் மகள்.

"தாண்டும் கண்ணு."

"சரி. ஆனா காசு உன்கிட்ட வேணாம்." நோட்டை அம்மாவின் முன்னாலிருந்து இழுத்து அப்பாவின் வங்கிப் புத்தகத்தின் மேல் வைத்தாள். "அப்பாகிட்டயே இருக்கட்டும். நீ அவர்கிட்டக் குடு."

எட்டு வருடமாக யாரும் கை வைக்கக் கூடாது என்று காத்த பணம் கையை விட்டுப் போனது. அம்மா தடுக்கவில்லை. உள்ளே போய்ப் பையிலிருந்து ஆயிரத்தை எடுத்து வந்து நோட்டின் மேல் வைத்தாள். மகள் அதை இரண்டு தடவை எண்ணினாள். பென்சிலை நாக்கில் தொட்டு, 'அம்மா தர வேண்டியது' என்று எழுதி, அதன் கீழே இருபத்தாறாயிரத்து எழுநூறு என்று போட்டாள்.

"மறந்தியானா நான் கேப்பேன்."

"கேளு" என்றாள் அம்மா. "நான் தர வரைக்கும் விடாம கேளு."